மெய்ப்பையும் கம்பளியும்: நீலகிரி வேட்டையில் குளிராடை

தைத்து அணியும் மேலாடைக்குப் பத்துப்பாட்டில் ஒரு பெயர் உண்டு: மெய்ப்பை. உடலைப் புகுத்திக்கொள்ளும் பை. முல்லைப்பாட்டில் அதனை அணிந்து நிற்போர் மன்னனின் பாசறையைக் காக்கும் யவனர். நெடுநல்வாடையில் மழைக்குளிரால் நடுங்கும் கோவலரோ நெருப்பில் கை காய்ச்சுகின்றனர். இவ்விரு காட்சிகளை மட்டும் கொண்டு பழந்தமிழர் உடை குறித்துப் பொதுமுடிவு எதற்கும் வர இயலாது. ஆயினும் தைத்த ஆடை அயலாரிடமும் போர்த்தும் ஆடை உள்ளூராரிடமும் இருந்த நிலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நீலகிரியில் மிகத் தெளிவாகக் காண்கிறோம். (தை மாதத்திலும் மின்விசிறி சுழலும் கோபர்கைரனேயில் அமர்ந்து குளிராடையைப் பற்றி எழுதுவது நகைப்புக்குரியதுதான். ஆனால் வேட்டைக் குறிப்புகள் நிறைந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பழைய இதழ்கள் இந்நகரில்தானே கிடைக்கின்றன!)

1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் குடியேற்றத்தைத் தொடங்கிய பின் மலை மெல்ல மெல்ல வேட்டைக்களமாயிற்று. ஆங்கிலேயர் நாடிய உயர்ந்த பரிசு வரையாடு. அதனை அவர்கள் ‘ஐபெக்ஸ்’ என்று பிழையாக அழைத்தனர். முக்குருத்தியின் செங்குத்துப் பாறைகளில் மேயும் இவ்விலங்கு ஆபத்தைக் கீழிருந்தே எதிர்பார்க்கும். எனவே வேட்டைக்காரர் விடியுமுன் ஏறி, அதற்கு மேலே இடம்பிடித்து, காற்றில் அசையாது காத்திருக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் குளிராடைத் தேர்வு கடினமாவது இங்குதான். ஏறும்போது உடல் வியர்க்கிறது. அமர்ந்ததும் அவ்வியர்வையே குளிர்விக்கிறது. ஒரே தடித்த ஆடை முதற்பாதியில் சுமையாகவும் இரண்டாம் பாதியில் ஈரமாகவும் மாறிவிடும்.

இதற்கு அக்காலம் கண்ட விடை ஆட்டுமயிர். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீராவியை ஈர்த்தும் ஈரம் தோன்றாதிருக்கும் இழை அது. நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும். பருத்திக்கு இவ்வியல்பு இல்லை. 1860களில் பரவிய நார்ஃபோக் மேலங்கி கம்பளித் துணியில் மடிப்புகளும் இடைப்பட்டையும் வைத்துத் தைக்கப்பட்டது. துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தும்போது மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். தோட்டாக்களுக்குப் பைகள் வேறு. ஜார்ஜ் ஃபிஞ்ச் 1922 எவரெஸ்ட் பயணத்தில் அணிந்த இறகுமென்மயிர் அங்கியும், எட்டி பாவர் 1936இல் உருவாக்கிய மேலங்கியும் வறண்ட குளிருக்கு ஏற்றவை. நீலகிரியின் குளிரோ மூடுபனியும் சாரலும் கலந்தது. இறகு நனைந்தால் கட்டிப்பட்டு வெப்பம் காக்கும் திறனை இழந்துவிடும்.

உள்ளூராரிடமும் தேர்ந்த தொழில்நுட்பம் இருந்தது. தோடர்களின் புத்குளி கனத்த பருத்தித் துணியை இரட்டையாக அமைத்தது. இரு மடிப்புகளுக்கிடையே சிறைப்படும் காற்றே குளிரைத் தடுக்கிறது. இன்றைய மெத்தையிட்ட மேலங்கிக்கும் கொள்கை அதுவே. ஆனால் தோடர் எருமை மேய்ப்பர், வேட்டையர் அல்லர். மலையில் பரவலாகக் காணப்பட்டது சமவெளி இடையரின் கரடுமுரடான கம்பளி. சாயமேற்றாத கருமயிரில் நெய்த அது மழைக்கு முக்காடு, இரவுக்குப் படுக்கை, பகலுக்குப் போர்வை. ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886) ‘கம்ப்ளி’ என்பதைத் தனிச்சொல்லாகவே பதிந்துள்ளது. அதன் குறை ஒன்றுதான்: போர்த்தியவரின் ஒரு கை அதனைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். துப்பாக்கி ஏந்துவோருக்கு இது பொருந்தாது. என் கருத்தில், வேட்டை உடையின் வரலாற்றை வெப்பத்தின் வரலாறாக மட்டும் எழுதுவது போதாது. யாருடைய கைகள் விடுவிக்கப்பட்டன என்பதையும் அது சொல்ல வேண்டும்.

சட்டமும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்தது. 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தைத் தொடர்ந்து, 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குத் தடைப்பருவமும் உரிமமும் வகுக்கப்பட்டன. வரையாடு எஞ்சியதில் இதற்குப் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. உரிமம் பெற்றுச் சுட்டவர் விளையாட்டு வீரர் எனவும், பெறாது சுட்டவர் திருட்டு வேட்டைக்காரர் எனவும் பிரிக்கப்பட்டனர் என்பதும் உண்மையே.

அதே மலைச்சரிவுகளில் தேயிலை, காப்பித் தோட்டங்கள் விரிந்தன. சாரலில் கொழுந்து பறித்தோரின் குளிராடையும் கம்பளிதான். இலங்கை மலையகத்தில் அதன் விலை பெரும்பாலும் தொழிலாளியின் கடன் கணக்கிலேயே ஏற்றப்பட்டது; குளிரைத் தாங்குவதற்கும் கடன்பட வேண்டியிருந்தது. இந்தியாவில் மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர் வழங்கவேண்டும் என விதிக்க அரசுக்கு வழிவகுத்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரிவு 17. வரையாட்டைக் காக்கும் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 72 ஆண்டுகள்.

டக்ளஸ் ஹாமில்டன் (1892), ஃபிளெட்சர் (1911) ஆகியோரின் வேட்டை நூல்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. தென்னிந்திய ஆடை வரலாற்றில் ஆய்வுப்பொருள் தேடும் மாணவர்கள் அவற்றோடு நின்றுவிடாமல், தோட்டங்களின் பற்று-வரவு ஏடுகளில் ‘கம்ப்ளி’ என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எத்தனை கம்பளி, யாருக்கு, எந்த மாதத்தில், யார் கணக்கில் என்ற நான்கு கேள்விகளே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.