கிழமை: நாளுக்கு உரியவன் யார்?

தேதிதோறும் வரலாற்றுத் துணுக்கு எழுதுவோர் ஜூன் 21 என்றால் ஆண்டின் நீண்ட பகலைச் சொல்வார்கள். கி.பி. 484-இல் வந்த ஜூன் 21 அவர்கள் கண்ணில் படுவதில்லை. மத்தியப் பிரதேசத்துச் சாகர் மாவட்டத்தில் ஏரண் என்ற ஊர் இருக்கிறது. புதகுப்தன் காலத்தில் மாத்ருவிஷ்ணுவும் அவன் தம்பி தன்யவிஷ்ணுவும் அங்கே நாட்டிய கொடித்தூணில் அந்த நாளைச் சுரகுருவின் நாள் என்று வெட்டி வைத்தார்கள். சுரகுரு என்றால் வியாழன். கிழமை சொல்லும் இந்தியக் கல்வெட்டுகளில் காலம் உறுதிப்பட்டவற்றுள் மிகப் பழையதாக அறிஞர் காட்டுவது இதைத்தான்.

இதை நினைவூட்டக் காரணம், ‘கிழமை’ என்ற சொல்லுக்கு இப்போது உலவும் விளக்கங்கள். நாள் மூத்துக் கிழமாகிக் கழிவதால் கிழமை என்கிறார் ஒருவர். நாட்காட்டித் தாளை அன்றன்று கிழிப்பதால் கிழமை என்கிறார் இன்னொருவர். இரண்டாவதற்கு மறுப்பே வேண்டியதில்லை. தாள் நாட்காட்டி அச்சுக்கூடம் வந்தபின் வந்தது. கிழமையோ சோழர் கல்வெட்டிலேயே இருக்கிறது. முதலாவதைச் சற்று விசாரிக்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் அதை நம்புகிறார்கள்.

கிழமையின் பழம்பொருள் உரிமை. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்போர் தலைவனும் தலைவியும். களவுக் காதல் செய்யும் இளையவர்கள். முதுமைக்கு அங்கே என்ன வேலை? குறிஞ்சிக் கிழவன் என்று பெயர் பெற்ற முருகன் என்றும் இளையவன். ஆறாம் வேற்றுமைக்கு இலக்கணம் சொன்னவர்கள் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரித்தார்கள். வள்ளுவர் ‘பழைமை’ அதிகாரத்தை நட்பின் கிழமையைச் சொல்லியே தொடங்குகிறார்; பரிமேலழகரும் அங்கே உரிமை என்றே பொருள் கொள்கிறார். அரிசில் கிழார், கோவூர் கிழார் எல்லாரும் ஊருக்கு உரியவர்கள். உரியவன் பெரும்பாலும் வீட்டில் மூத்தவனாக இருந்தான். அவ்வழியே பிற்காலத்தில் கிழவனுக்கு நரை வந்தது. பின்னால் வந்த பொருளை எடுத்து முன்னால் பிறந்த சொல்லை விளக்குவது தலைகீழ்ப் பாடம்.

நாளுக்கும் உரிமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பஞ்சாங்கத்தின் ஓரை அட்டவணையைப் பாருங்கள். ஞாயிறன்று சூரிய உதயத்தில் முதல் ஓரை சூரியனுக்கு. அடுத்தடுத்துச் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். இப்படியே சுற்றி 24 ஓரை முடிந்தால் 25-ஆவது சந்திரனுக்கு வருகிறது, மறுநாள் திங்கள். ஏழு கோளும் இந்த வரிசையில் நாளைப் பெறுவதற்கு இந்தக் கணக்கே காரணம். முதல் ஓரையை உடைய கோளே அந்த நாளின் கிழவன். அவன் உரிமை கிழமை.

ஓரை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கப் பாடல்களில் ஓரை மகளிர் விளையாட்டு. தொல்காப்பியக் களவியலில் நாளோடு சேர்ந்து வரும் ஓரையை வையாபுரிப்பிள்ளை கிரேக்க ‘ஹோரா’ என்று கொண்டு நூலின் காலத்தைக் கீழே இறக்கினார். அதற்காக அவர் மேல் பாய்ந்தவர்கள் பலர். களவியல் ஓரை எதுவாயினும் ஆகுக. பஞ்சாங்க ஓரை யவனச் சரக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே ஏழு கிழமையும் ஆதித் தமிழன் கண்டவை என்போரோடும் எனக்கு உடன்பாடில்லை. புறநானூறு 229-ஐ எடுத்துப் பாருங்கள். மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு முன் விண்மீன் விழுந்த இரவை அது பாடுகிறது. பங்குனி மாதம் சொல்கிறது, பாதி இரவு சொல்கிறது, மீன்கள் நின்ற நிலையெல்லாம் சொல்கிறது, ஏழாம் நாள் மன்னன் மாண்டதையும் சொல்கிறது. கிழமை சொல்லவில்லை. பாடியவர் கூடலூர் கிழார்! உரிமைப் பொருளில் சொல் அவர் பெயரிலேயே இருந்தது. கோளுக்கு நாளை உரிமையாக்கும் வழக்கம் மட்டும் வரவில்லை.

வந்தபோது முதலில் வடசொல்லாகவே வந்தது. சிலப்பதிகாரக் கட்டுரை காதை மதுரை எரிந்த நாளை வெள்ளி வாரம் என்கிறது. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அதை 756 ஜூலை 23 என்று கணித்தார். அந்த ஆண்டை நான் ஏற்கவில்லை, அது வேறு வழக்கு. வாரம் என்றால் முறை. மேல்வாரம், குடிவாரம் என்ற நிலப்பங்கோடு இதைச் சேர்த்துக் குழப்புகிறவர்களும் உண்டு. அது வேறு சொல். சம்பந்தரின் கோளறு பதிகம் ஏழு கோளையும் கிழமை வரிசையிலேயே அடுக்குவதால் ஏழாம் நூற்றாண்டில் அந்த வரிசை மக்கள் வாயில் ஏறிவிட்டது தெரிகிறது.

பின் ஏன் ‘ஞாயிற்று நாள்’ என்னாமல் ஞாயிற்றுக்கிழமை என்றார்கள்? விடை சோழர் கல்வெட்டு வாய்பாட்டில் இருக்கிறது: இன்ன திதியும் இன்ன கிழமையும் பெற்ற இன்ன நாள். இங்கே நாள் என்பது ரோகிணி, அத்தம் போன்ற நாள்மீன். அந்தப் பெயரை விண்மீன் முன்பே பிடித்துக்கொண்டது. பிந்தி வந்த கோளுக்கு உரிமையைக் குறிக்கும் சொல்லே மிஞ்சியது. ‘பெற்ற’ என்ற வினையையும் கவனியுங்கள்.

இலக்கணமும் இதற்கே சாட்சி. ஞாயிறு ‘ஞாயிற்று’ என்று றகரம் இரட்டுவது வேற்றுமைப் புணர்ச்சியில். ஞாயிற்றினது கிழமை என்று விரித்தால்தான் பொருந்தும். மலையாளிகளின் ‘ஞாயறாழ்ச்ச’வில் உள்ள ஆழ்ச்சவும் நம் ஆட்சியின் உறவே என்பது என் துணிபு. அவர்கள் ஆட்சி என்றார்கள், நாம் உரிமை என்றோம்.

கிழமை உரிமையே. முதுமையிலிருந்து அதைப் பிறப்பிப்போர் சங்க நூலிலிருந்து ஒரு சான்று காட்டட்டும்; அதுவரை அகராதியில் அதற்கு இடம் தரக் கூடாது.