எழுநூறு என்னும் எண்: இரண்டு பெங்களூரு விபத்துகளும் சிமுலேட்டரும்

2009 மார்ச் 6 பிற்பகல், பெங்களூரு எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து புறப்பட்ட சரஸ் விமானத்தின் இரண்டாம் முன்மாதிரி, நகருக்குத் தென்மேற்கே பிடதியை அடுத்த சேஷகிரிஹள்ளி அருகே விழுந்து எரிந்தது. விங் கமாண்டர் பிரவீன் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் திபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் இறந்தனர். மூவரும் இந்திய விமானப்படையின் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். விமானம் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் (என்.ஏ.எல்.) படைப்பு; பதினான்கு பேர் அமரத்தக்க சிறு விமானமாக வடிவமைக்கப்பட்டது. அன்றைய பணி, பறக்கும்போதே இரண்டு எஞ்சின்களுள் ஒன்றை அணைத்துவிட்டு வானிலேயே மீண்டும் இயக்கிப் பார்ப்பது.

இத்தகைய விபத்தைச் சிமுலேட்டரில் மறுபடி நிகழ்த்திப் பார்க்கலாம் என்பது இன்று எளிதில் தோன்றும் எண்ணம். வீட்டுக் கணினியில் ஓடும் மென்பொருளில்கூட எச்.ஏ.எல். ஓடுதளம் இருக்கிறது. உயரம், வேகம், எடை ஆகியவற்றைக் கொடுத்து எஞ்சினை அணைத்தால் விமானம் ஏதோ ஒரு விதமாகக் கீழிறங்கும். ஆனால் அவ்வாறு இறங்குவது சரஸ்தானா என்பது வேறு கேள்வி.

சிமுலேட்டர் விபத்தாய்வுக்காகப் பிறந்த கருவி அன்று. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குரிய துருத்திகளைக் கொண்டே 1920களின் இறுதியில் தம் பயிற்சிப் பெட்டியை அமைத்தார். முதலில் அதை வாங்கியவை பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்களே. 1934இல் அஞ்சல் சுமக்கும் பொறுப்பை ஏற்ற அமெரிக்க இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. அன்று துருத்தி செய்ததை இன்று எண்களின் அட்டவணை செய்கிறது: இறக்கை இந்தக் கோணத்தில் இந்த வேகத்தில் காற்றைச் சந்தித்தால் இவ்வளவு தூக்குவிசை, இவ்வளவு இழுவை. காற்றுச் சுரங்கச் சோதனையும் உண்மைப் பறப்புமே அந்த எண்களைத் தருகின்றன. விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் உயர்தரச் சிமுலேட்டர், உண்மை விமானத்தின் சோதனைப் பதிவுகளோடு ஒத்துப்போகிறது என்று நிறுவினால்தான் அங்கீகாரம் பெறும். அட்டவணையில் இல்லாத ஒன்றை அது கணித்துக் காட்டலாம். ஆனால் அது கணிப்பே.

ஆகவே எந்த விபத்து சிமுலேட்டருக்கு எளிது, எது அரிது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எளிதான ஒன்றும் அதே ஓடுதளத்தில்தான் நிகழ்ந்தது.

1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஏர்பஸ் ஏ320 வகை விமானம், ஓடுதளத்தை எட்டுமுன் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் புல்வெளியில் தரைதட்டி எழும்பி, விளிம்பிலிருந்த கரையில் மோதித் தீப்பற்றியது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். கேப்டன் சி.ஏ. ஃபெர்னாண்டஸ் விமானத்தை ஓட்ட, கேப்டன் எஸ்.எஸ். கோபுஜ்கர் அவரைச் சோதித்துக்கொண்டிருந்தார்; இருவரும் பிழைக்கவில்லை. நீதிபதி கே. சிவசங்கர் பட் தலைமையில் விசாரணை நடந்தது. இறுதி இறக்கத்தில் எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் இருக்கும் 'ஓப்பன் டிசென்ட்' என்னும் நிலைக்கு விமானம் போயிருந்ததையும், அதை அறிந்த பின்னரும் விசையைக் கூட்டுவதில் விமானிகள் தாமதித்ததையும் விசாரணை காரணமாகக் கண்டது. அந்நிலை எதனால் வந்தது என்பதை மட்டும் அறுதியிட முடியவில்லை.

அதற்குச் சொல்லப்படும் விளக்கம் ஓர் எண்ணைப் பற்றியது. விமானி அறையின் ஒலிப்பதிவில் 'எழுநூறு' ஒலிக்கிறது: நிமிடத்துக்கு எழுநூறு அடி என்னும் இறக்க வீதம். வீதத்தைக் குறிக்கும் குமிழும் உயரத்தைக் குறிக்கும் குமிழும் ஒரே பலகையில் அருகருகே இருப்பவை. எழுநூறு உயரக் குமிழில் ஏறியிருந்தால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்திலுள்ள பெங்களூரில் அது நிலத்துக்குள் புதைந்த ஓர் இலக்கு. இயந்திரத்துக்கு அதில் முரண் ஏதும் தெரியாது. எஞ்சினைத் தணித்து இறங்கத் தொடங்கும். அலகு சொல்லப்படாத எண் பாதிச் சொல்தான். மீதியைக் கேட்பவரின் மனமோ கையோ நிரப்புகிறது.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் அருகே ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320 ஒன்று மலையில் மோதி 87 பேர் இறந்தனர். அங்கு 3.3 பாகை என்று கருதி இட்ட எண், நிமிடத்துக்கு 3,300 அடி என்று கொள்ளப்பட்டிருக்கலாம் என்பதே வலுவான விளக்கம். அதன் பின்னர் ஏர்பஸ், வீதத்தை நான்கு இலக்கங்களில் முழுமையாகக் காட்டும்படி பலகையை மாற்றியது. பெங்களூருக்குப் பிறகே அப்பலகையை யாரேனும் உற்று நோக்கியிருக்கலாம் என்று தோன்றுவது இயல்பு.

605ஐச் சிமுலேட்டரில் அப்படியே நிகழ்த்தலாம். விமானம் பழுதடையவில்லை, வடிவமைத்தபடியே நடந்துகொண்டது. எழுநூறைத் தவறான குமிழில் இட்டால் வேகம் குறைவதும், கடைசி நொடிகளில் விசை கூட்டியும் எஞ்சின்கள் முழு வலிமை பெறச் சில வினாடிகள் பிடிப்பதும் கண்முன் நிகழும். ஆனால் இருக்கையில் அமர்பவருக்கு என்ன நிகழப்போகிறது என்பது முன்பே தெரியும். தெரிந்தவரின் கை முதல் நொடியிலேயே விசைக்குப் போகும்.

இந்தக் குறை அமெரிக்காவில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. சரஸ் விழுவதற்கு ஏழு வாரங்களுக்கு முன், 2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் விசையிழந்த ஓர் ஏ320 ஹட்சன் ஆற்றில் இறங்கியது. விமான நிலையத்துக்குத் திரும்பியிருக்க முடியாதா என்று துலூசின் சிமுலேட்டரில் பார்த்தார்கள். உடனே திரும்பிய முயற்சிகளில் ஏறத்தாழ பாதி வெற்றி பெற்றன. நிலைமையை உணர்ந்து முடிவெடுப்பதற்கு 35 வினாடிகள் ஒதுக்கிச் செய்த முயற்சி தோற்றது. ஹட்சன் விமானி உயிரோடு இருந்ததால் தம் தரப்பைச் சொல்ல முடிந்தது.

சரஸ் இதற்கு நேர் எதிரான வகை. அதன் எஞ்சின்கள் உடலின் பின்புறம் அமைந்தவை. சுழலிகள் பின்னோக்கி நின்று விமானத்தைத் தள்ளுபவை. எஞ்சின் நின்றதும் சுழலியின் இதழ்கள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பிக்கொண்டால் இழுவை மிகச் சிறிது. 'ஃபெதர்' என்பது அந்நிலை. மீண்டும் இயக்கும்போது, எஞ்சின் போதிய விசை பெறுமுன் இதழ்கள் அகலவாட்டில் திரும்பிவிட்டால் சுழலியே காற்றைத் தடுக்கும் தட்டாகிவிடும். அந்தத் தடை ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால் மூக்கும் அப்பக்கம் இழுபடும். உயரம் விரைந்து கரையும். உடலையும் இறக்கையையும் கடந்து கலங்கி வரும் காற்றில் அத்தடை எவ்வளவு என்பது, பறந்து அளந்த பின்னரே உறுதியாகும். எக்ஸ்-பிளேன் போன்ற மென்பொருள் சுழலியைத் துண்டு துண்டாகப் பிரித்து விசையைக் கணக்கிடும். கலங்கிய காற்றைப் பற்றி அதற்குக் கொடுக்க உறுதியான எண் வேண்டுமே. சோதனைப் பறப்பு என்பதே அட்டவணையின் காலிக் கட்டங்களை நிரப்பும் வேலை. அதில் நேர்ந்த விபத்தை மறுபடி நிகழ்த்த முனைபவர், அம்மூவரும் தேடிச்சென்ற எண்ணைத் தம் கையில் வைத்திருந்தாக வேண்டும்.

இந்த வேறுபாடு முக்கியமாவது பழி யார்மேல் விழுகிறது என்பதில். கணித்த எண்களை வைத்து ஓடும் சிமுலேட்டரில் விமானம் மீண்டுவிட்டால், 'விமானி பிழை' என்னும் இரண்டு சொற்கள் தயாராக நிற்கும். மறுமொழி சொல்ல யாரும் இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விசாரணை அவ்வழியில் போகவில்லை. வடிவமைப்பாளர் வகுத்த மறு இயக்க நடைமுறை தவறானது என்பதையும், போதிய உயரம் இல்லாதபோது அது பின்பற்றப்பட்டது என்பதையுமே அது முதன்மைக் காரணமாக வைத்தது. முதல் முயற்சி தோற்றதும் பறப்பைக் கைவிடாதது, விமானக் குழுவின் ஒருங்கிணைப்பு, கட்டுப்பாடுகளைக் கையாண்ட விதம் ஆகியன துணைக் காரணங்களாயின. அவற்றின் வரிசையிலேயே இன்னொன்றும் இருந்தது: சுழலியைச் செய்த நிறுவனத்தைக் கலந்துகொள்ளாமல் அந்நடைமுறை வகுக்கப்பட்டது. காலிக் கட்டம் ஒன்றைப் பற்றி அதிகம் அறிந்திருக்கக்கூடியவர்களிடம் கேட்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

சரஸ் திட்டம் அதன் பின்னர் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மாற்றியமைக்கப்பட்ட முதல் முன்மாதிரி 2018 ஜனவரி 24 அன்று அதே எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து எழுந்து சுமார் 40 நிமிடங்கள் பறந்து திரும்பியது.