யாரிடம் கற்பது, யார் திருத்துவது: அறிவிப்பாளர் ஆய்வும் தீமை தடுத்தலும் சேர்ந்து வளர்ந்த வரலாறு

மதீனாவின் பெருநாள் திடல். முஆவியாவின் ஆளுநர் மர்வான் பின் ஹகம் தொழவைக்க வருகிறார். கஸீர் பின் அஸ்ஸல்த் என்பவர் கட்டிய மிம்பர் ஒன்று திடலில் நிற்கிறது. முதலில் தொழுகை, பிறகு குத்பா. நபியவர்கள் (ஸல்) காலத்திலிருந்து வழக்கம் அதுதான். மர்வானோ தொழாமலே மிம்பரை நோக்கி நடக்கிறார். உடன் வந்த அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவருடைய ஆடையைப் பிடித்து இழுக்கிறார். மர்வான் உதறிக்கொண்டு ஏறிவிடுகிறார். முறையை மாற்றிவிட்டீர்களே என்று கேட்டவருக்கு, நீர் அறிந்திருந்த வழக்கமெல்லாம் போய்விட்டது என்று பதில் வருகிறது. நான் அறிந்தது அறியாததைவிட மேலானது என்கிறார் அபூஸயீத். தொழுகை முடிந்ததும் மக்கள் எங்கள் பேச்சைக் கேட்க உட்காருவதில்லை என்று மர்வான் காரணமும் சொல்கிறார்.

இது புகாரீ தொகுப்பில் உள்ள வடிவம். முஸ்லிமின் தொகுப்பில் எழுந்து மறுப்பவர் பெயர் தெரியாத ஒரு மனிதர். அவர் தம் கடமையை நிறைவேற்றிவிட்டார் என்று அபூஸயீத் சான்று சொல்லி, அதற்கு ஆதாரமாக ஒரு நபிமொழியை அறிவிக்கிறார். தீமையைக் கண்டால் கையால் மாற்ற வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் என்ற படிநிலை பிற்கால நூல்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் வந்தது.

இந்த நிகழ்ச்சியை ஆட்சியாளரைத் தட்டிக்கேட்ட துணிச்சலுக்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். என் கவனம் ‘அறிந்தது’ என்ற சொல்லில் நிற்கிறது. ஆடையைப் பிடித்து இழுத்த கைக்கு உரிமை தந்தது, நபியவர்களின் பெருநாள் தொழுகையை நேரில் கண்ட அறிவு. மார்க்கத்தை யாரிடம் கற்பது என்பதும் பிறர் தவற்றை யார் திருத்துவது என்பதும் நம் பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றன. முதலாவது ஹதீஸ் கலையில் வரும், இரண்டாவது ‘நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல்’ என்ற தலைப்பில் வரும். வரலாற்றில் இவை ஒரே காயத்திலிருந்து பிறந்தவை. ஒன்றுக்கு விழுந்த வரம்பே மற்றதற்கும் விழுந்தது.

அந்தக் காயத்தின் பெயர் ஃபித்னா, உள்நாட்டுக் குழப்பம். பஸ்ராவின் முஹம்மது பின் ஸீரீன் (இறப்பு: ஹிஜ்ரி 110 / கி.பி. 729) சொன்ன ஒரு செய்தியை இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் யாரும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டதில்லை. ஃபித்னா நேர்ந்த பிறகுதான் உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்பது அதன் கருத்து. எந்த ஃபித்னா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. கலீஃபா உஸ்மான் (ரலி) கொல்லப்பட்ட 656ஆம் ஆண்டுக் குழப்பம் என்பது மரபான விளக்கம். ஜோசப் ஷாக்ட் இதை கலீஃபா இரண்டாம் வலீத் கொல்லப்பட்ட 744ஆம் ஆண்டுக்குத் தள்ளி, அதற்குள் இப்னு ஸீரீன் இறந்துவிட்டதால் கூற்றே பிற்காலப் புனைவு என்றார். யூயின்போல், அப்துல்லாஹ் பின் ஸுபைர் மக்காவில் ஆட்சி நடத்திய காலத்துக் குழப்பமே இது என்றார். ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பொருந்தவில்லை என்று கூற்றைத் தள்ளுவது முறையாகாது. இப்னு ஸீரீன் வாழ்நாளுக்குள் அடங்கும் முதல், மூன்றாம் விளக்கங்களில் ஒன்றை ஏற்பதே பொருத்தம். எதை ஏற்றாலும் காரணம் ஒன்றுதான். முஸ்லிம்களின் வாள்கள் முஸ்லிம்கள் மீதே திரும்பிய பிறகு, ஒவ்வொரு அணிக்கும் நபியின் வாக்கு தேவைப்பட்டது.

சரிபார்க்கும் பழக்கம் அதற்கு முன் இல்லாமல் இல்லை. நபித்தோழர் ஜாபிர் (ரலி), தாம் நேரில் கேளாத ஒரே ஒரு ஹதீஸுக்காக ஓர் ஒட்டகத்தை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாமில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸின் (ரலி) வீட்டு வாசலில் போய் நின்றார். ஃபித்னாவுக்குப் பின் தனிமனிதரின் இந்தப் பேணுதல் எல்லோருக்குமான நிபந்தனையாக மாறியது.

நிபந்தனை வந்ததும் ஒரு நெருக்கடியும் வந்தது. அறிவிப்பாளரைச் சோதிப்பதென்றால் அவருடைய குறையைச் சபையில் சொல்லியாக வேண்டும். இவர் மறதிக்காரர், இவர் பொய்யர், இவர் முதுமையில் குழம்பிவிட்டார் என்றெல்லாம் சொல்ல வேண்டும். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது குர்ஆன். அப்படியானால் ஹதீஸ் கலையே புறம் பேசுதலின் மேல் கட்டிய வீடல்லவா? இந்தக் கேள்வியை எதிரிகள் கேட்கவில்லை, பேணுதல் மிக்க துறவிகள்தாம் கேட்டார்கள். அப்துல்லாஹ் பின் முபாரக் (இறப்பு: 181 / 797) ஓர் அறிவிப்பாளரைக் குறை சொன்னபோது ஒரு ஸூஃபி, புறம் பேசுகிறீரே என்று தடுத்தார். நாங்கள் தெளிவுபடுத்தாவிட்டால் உண்மையும் பொய்யும் எப்படிப் பிரியும் என்று இப்னு முபாரக் திருப்பிக் கேட்டார். அஹ்மத் பின் ஹன்பலிடமும் (இறப்பு: 241 / 855) அபூதுராப் அந்நக்ஷபீ இதையே முறையிட்டார். இது நஸீஹத், நலம் நாடல். புறம் பேசுதல் அன்று என்பது அவர் அளித்த பதிலின் சாரம்.

நஸீஹத் என்ற அந்த ஒரு சொல்லில் இரண்டு கடமைகளும் சேர்ந்துவிடுகின்றன. அறிவிப்பாளரின் குறையைச் சொல்வது கல்வித்துறைக்குள் நடக்கும் தீமை தடுத்தலாகவே ஆகிவிடுகிறது.

கல்வித்துறைக்கு வெளியே தெருவில் நடந்தது வேறு. அமீன், மஃமூன் என்ற அப்பாஸியச் சகோதரர்களின் போரில் பாக்தாத் சிதைந்து கிடந்தது. மஃமூன் தொலைவில் மர்வ் நகரில் இருந்தார். பட்டப்பகலில் ஆட்களைக் கடத்திய கூட்டங்கள், கிராமங்களைச் சூறையாடி, கொண்டுவந்த பொருளைக் கடைவீதியிலேயே விற்றன. ஹிஜ்ரி 201இல் (817) காலித் அத்தர்யூஷ் என்பவர் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்க அழைப்பு விடுத்து, அண்டை வீட்டாரைத் திரட்டி அந்தக் கூட்டங்களை எதிர்த்தார். பிடிபட்டவர்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். சில நாட்களில் ஸஹ்ல் பின் ஸலாமா என்பவர் கழுத்தில் குர்ஆன் பிரதியைத் தொங்கவிட்டுக்கொண்டு அதே அழைப்பை விடுத்தார். ஆனால் வேதத்துக்கும் சுன்னாவுக்கும் மாறு செய்பவர் ஆட்சியாளரே ஆனாலும் போரிடுவேன் என்றார். இந்த வேறுபாட்டை தபரீ தம் வரலாற்றில் கவனமாகக் குறித்திருக்கிறார். ஓராண்டில் ஸஹ்ல் பிடிபட்டார். திருத்த எழுந்த கை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியை பாக்தாதின் அறிஞர்கள் நூலில் படித்து அறியவில்லை, தங்கள் தெருவிலேயே கண்டார்கள்.

அதே நகரின் பள்ளிவாசல்களில் கதைசொல்லிகளின் ஆதிக்கமும் பெருகியது. ருஸாஃபா பள்ளிவாசலில் அஹ்மத் பின் ஹன்பலும் யஹ்யா பின் மயீனும் உட்கார்ந்திருக்க, ஒரு கதைசொல்லி அவர்கள் இருவரும் தமக்கு அறிவித்ததாகவே நீண்ட ஹதீஸ் ஒன்றைச் சொன்னாராம். பிறகு யஹ்யா அழைத்துக் கேட்டபோது, உலகில் உங்களைத் தவிர வேறு அஹ்மதும் யஹ்யாவும் இல்லையா என்று கேட்டாராம். நம் பயான்களில் இன்றும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தக் கதையை அறிவித்தவர் யாரென்றே தெரியவில்லை, அவரே புனைந்திருக்கலாம் என்று அஞ்சுகிறேன் என்ற கருத்தை தஹபீ (இறப்பு: 748 / 1348) எழுதிவைத்தார். பொய்யரைத் தோலுரிக்கும் கதை, ஹதீஸ் அறிஞர்களுக்குப் பெருமை சேர்க்கும் கதை. அதற்கும் அவர் சலுகை தரவில்லை. தனக்குச் சாதகமான செய்தியையும் சோதிக்கும் இந்த நேர்மைதான் இக்கலையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் இரு நீரோட்டங்களும் சட்டமாகின்றன. அல்மாவர்தீ (இறப்பு: 450 / 1058) அரசு நியமிக்கும் சந்தை அதிகாரியான முஹ்தஸிபுக்கும் தானாக முன்வந்து திருத்துபவருக்கும் ஒன்பது வேறுபாடுகளை வகுத்தார். முஹ்தஸிபின் வேலை என்றதும் எடைக்கல், படி, ரொட்டிக்கடை என்றுதான் நினைவு வரும். மாவர்தீயின் பட்டியலில், தகுதியின்றி ஃபத்வா சொல்லவோ பிரசங்கம் செய்யவோ உட்காருபவரைத் தடுத்து மக்களுக்கு அடையாளம் காட்டுவதும் உண்டு. எடையில் மோசடி போல அறிவிலும் மோசடி என்று சந்தை அதிகாரியின் பார்வையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

அரை நூற்றாண்டு கழித்து கஸ்ஸாலீ (இறப்பு: 505 / 1111) ‘இஹ்யா’வில் இதற்கென்றே ஒரு நூற்பிரிவு எழுதினார். தீமையைத் தடுப்பதில் அவர் எட்டுப் படிகள் வைக்கிறார். முதல் படி அறிந்துகொள்ளுதல், இரண்டாவது அறிவித்தல். பிறகே உபதேசம், கடிந்துரை என்று போய், ஆள்திரட்டி ஆயுதம் எடுப்பது கடைசியில் வருகிறது. முதல் படியிலேயே வேலி போடுகிறார். வீணையின் ஒலி வருகிறதா என்று பிறர் வீட்டுச் சுவரில் காது வைக்கக் கூடாது. மது வாடைக்காக முகரக் கூடாது. ஆடைக்குள் இருப்பது இசைக்கருவியா என்று தடவிப் பார்க்கக் கூடாது. அண்டை வீட்டாரைத் துருவக் கூடாது. சுவரேறி ஒருவர் வீட்டுக்குள் நுழைந்த கலீஃபா உமரின் (ரலி) நிகழ்ச்சியையும் அவர் எடுத்துச் சொல்கிறார். நான் ஒரு தவறு செய்தேன், நீங்களோ துருவினீர்கள், வாசலை விட்டுக் கூரை வழி வந்தீர்கள், அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தீர்கள் என்று வீட்டுக்காரர் மூன்று தவறுகளை அடுக்க, உமர் (ரலி) அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்.

இரண்டாம் படிக்கு கஸ்ஸாலீ தரும் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டுப்புறத்து மனிதர் ஒருவர் ருகூவும் ஸுஜூதும் சரியாக அமையாமல் தொழுகிறார். வேண்டுமென்று செய்யவில்லை, தெரியவில்லை. அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கஸ்ஸாலீ வார்த்தைகளையே அமைத்துக் கொடுக்கிறார். யாரும் பிறக்கும்போதே ஆலிம் இல்லை, நாங்களும் தெரியாமல்தான் இருந்தோம், ஆலிம்கள் கற்றுத்தந்தார்கள், உங்கள் ஊரில் ஒருவேளை ஆலிம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும். அறியாமையைச் சுட்டும்போது மனிதர் கூசுவார், அந்தக் கூச்சமே ஒரு வலி; வலிக்கச் செய்து திருத்துவது இரத்தத்தைச் சிறுநீரால் கழுவுவது போலாகும் என்கிறார். ‘நாங்களும் கற்றுக்கொண்டோம்’ என்று சொல்லும்போது திருத்துபவர் தம்மையும் அந்தக் கல்வித் தொடரில் ஒரு கண்ணியாக வைத்துக்கொள்கிறார்.

அறிவின் எல்லையே திருத்துவதன் எல்லை என்பதையும் அவர் வெளிப்படையாக எழுதுகிறார். தொழுகையை விடுவது, மது அருந்துவது போல எல்லோருக்கும் தெரிந்தவற்றில் பாமரரும் பேசலாம். ஆய்வுக்குரியவற்றில் பேசக் கூடாது. உடும்பு இறைச்சி உண்ணும் ஷாஃபியை ஹனஃபி தடுக்கலாகாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் தமிழகத்தில் இந்த விதி புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. தொழுகையில் கைகளை உயர்த்துவது, ஆமீனை உரக்கச் சொல்வது என்று அன்றாடம் உரசக்கூடிய இடங்கள் எத்தனையோ. நம் ஆலிம்களின் பெயருக்குப் பின் வரும் பாகவி, ஜமாலி, மன்பஈ என்ற பட்டங்களும் அவர் எந்த மதரஸாவில் ஸனது வாங்கினார் என்று சொல்பவைதாம். உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று அன்று கேட்ட கேள்விக்கு, பெயரிலேயே எழுதிவைத்த பதில் அது.

வரம்புகள் மேலும் நுணுக்கமாயின. நவவீ (இறப்பு: 676 / 1277) புறம் பேச அனுமதியுள்ள ஆறு இடங்களில் அறிவிப்பாளர் குறை கூறுதலையும் சேர்த்தார். அவருக்குப் பின் வந்த இப்னு தகீக் அல்ஈத், மனிதர்களின் மானத்தை நரகத்தின் குழிக்கு ஒப்பிட்டு, அதன் விளிம்பில் நிற்பவர்கள் ஹதீஸ் அறிஞர்களும் நீதிபதிகளும் என்றார். ஸகாவீ (இறப்பு: 902 / 1497) காலத்தில் இந்த எச்சரிக்கை நடைமுறை விதியாகவே எழுதப்பட்டது. ஒரு குறையைச் சொல்வதே போதுமானால் இரண்டாவதைச் சொல்ல அனுமதியில்லை. அனுமதி தேவைக்கு மட்டும். தேவை முடிந்த இடத்தில் அது மறுபடியும் புறம் பேசுதல்தான்.

இந்த விதியின் கனத்தை ஸகாவீக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ரய் நகரில் ஒருவர் உணர்ந்திருந்தார். இப்னு அபீஹாத்திம் (இறப்பு: 327 / 938) ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் தரத்தை எழுதிய ‘அல்ஜர்ஹ் வத்தஃதீல்’ நூலை ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகம் ஒன்பது தொகுதிகளாக அச்சிட்டது. அந்த நூலை அவர் மாணவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருநாள் இப்னு மிஹ்ரவைஹ் என்பவர் உள்ளே வந்தார். யஹ்யா பின் மயீன் சொன்னதாகத் தமக்குக் கிடைத்த ஒரு செய்தியைச் சொன்னார். நாம் குறை சொல்லும் மனிதர்கள் நெடுங்காலம் முன்பே சுவனத்தில் தங்கள் மூட்டைகளை இறக்கி வைத்திருக்கக்கூடும் என்பது அந்தச் செய்தி. இப்னு அபீஹாத்திம் அழுதார். கைகள் நடுங்கி நூல் கீழே விழுந்தது. அழுதுகொண்டே, அதை இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார்.