சம்பாதித்ததில் பாதி சாப்பாட்டுக்கே!

பழவேற்காடு ஏரிப் பக்கம் காட்டூர் வரை போயிருக்கிறீர்களா? உதட்டை நக்கினால் கரிக்கும். அந்த உப்புக்காற்றுக்கு மனுஷனைவிட கேஸ் டர்பைன்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

டர்பைன் சம்பாதிக்கும் சக்தியில் பாதிக்கு மேல், காற்றை அழுத்தும் கம்ப்ரெஸரே சாப்பிட்டுவிடும். முன்னோடிகள் பலர் கவிழ்ந்தது இங்கேதான். 1903-ல் நார்வேக்காரர் எல்லிங், சாப்பாட்டுச் செலவு போக 11 குதிரைசக்தி மிச்சம் பிடித்தார். (சிரிக்காதீர்கள், அதுவே சாதனை!)

1996-ல் சென்னை பேசின் பிரிட்ஜில் தலா 30 மெகாவாட்டில் நான்கு டர்பைன்கள் வந்தன. கடலும் பக்கத்தில்தான். பிளேடில் உப்பு படிந்தால் இயந்திரம் அலறாது, சத்தமில்லாமல் இளைக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதில் இத்தனை அழுத்தத்துக்கு இத்தனை சூடு என்று ஒரு கணக்கு உண்டு. அன்றைய வெயிலைக் கழித்த பிறகும் காற்று கூடுதலாகச் சுடுகிறதா? கம்ப்ரெஸரைக் குளிப்பாட்ட வேண்டியதுதான். இழந்த பலத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும்.