நீண்ட முகவரியும் நம்பத்தக்க பட்டியலும்

தொலைபேசி எண்ணைத் தேடித் தடித்த கையேட்டைப் புரட்டிய காலம் ஒன்று உண்டு. கணிப்பொறி வலையமைப்பும் அத்தகைய கையேட்டுடன்தான் வளர்ந்தது. 1970-களில் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் இணைந்த கணிப்பொறிகளின் பெயர்களையும் எண்களையும் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் ஒரே பட்டியலாகப் பேணினர். பட்டியல் பெருத்தது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் முறையை வகுத்தார். இன்றைய இணையம் அம்முறையில்தான் இயங்குகிறது.

அம்முறை எட்டாத பகுதியும் உண்டு. 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 'வெங்காய வழி' என்னும் கருத்து பிறந்தது. இதில் செய்தி பல அடுக்கு இரகசியக் குறிகளால் பொதியப்படுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் ஓர் அடுக்கையே உரிக்கிறது. ஆகவே அனுப்புபவர், பெறுபவர் இருவரையும் சேர்த்தறியும் நிலையம் எதுவுமில்லை. இவ்வழியில் எழுந்ததே டார் வலையமைப்பு. 2004 முதல் இருப்பிடம் மறைத்த தளங்களும் அதில் இயங்குகின்றன.

இத்தளங்களுக்குப் பெயர் வழங்கும் அலுவலகம் இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு திறவுகோல்கள் உண்டு. ஒன்று இரகசியம், மற்றது வெளிப்படை. வெளிப்படையான திறவுகோலின் எண்ணிலிருந்தே முகவரி உருவாகிறது. முன்பு 16 குறிகளாக இருந்த முகவரி, பழைய முறை 2021-இல் கைவிடப்பட்டபின் 56 குறிகளாக நிலைத்தது. இரகசியத் திறவுகோல் இல்லாதவர் அம்முகவரியில் தளம் நடத்த இயலாது.

அப்படியானால் ஆபத்து எங்கே? நம் கண்ணில்தான். முதல் சில குறிகளைப் பார்த்தே திருப்தி அடைந்துவிடுகிறோம். ஒவ்வோர் இடத்திலும் 32 குறிகளுள் ஒன்று வரலாம். ஆகவே முதல் 5 குறிகள் ஒத்த போலி முகவரியை உருவாக்கச் சராசரியாக 3 கோடியே 36 லட்சம் முயற்சிகள் போதும். கணிப்பொறிக்கு இது எளிய வேலை. 8 குறிகளுக்கோ 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி முயற்சிகள் தேவை. 56 குறிகளும் ஒத்த போலி நடைமுறையில் இயலாதது.

எனவே சரிபார்த்த பட்டியல் இன்றியமையாததாகிறது. எவரும் திருத்தக்கூடிய பட்டியலில் உண்மை முகவரியை நீக்கிப் போலியை நுழைப்பது எளிது. இதற்கு மாறாக, ஊழலை அறிந்த ஓர் ஊழியர் பத்திரிகைக்கு மறைவாக ஆவணம் அனுப்ப உதவும் செக்யூர்டிராப் முறையை 2013 முதல் பத்திரிகைச் சுதந்திர அறக்கட்டளை பேணிவருகிறது. அம்முறையை மேற்கொண்ட பத்திரிகைகளின் முகவரிகளை அது பட்டியலிட்டு வெளியிடுகிறது. அந்த ஊழியர் போலித் தளத்தில் சிக்கினால், வேலை மட்டுமன்றி விடுதலையும் பறிபோகலாம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நாம் நம்புவதில்லை. முகவரியையும் அவ்வாறே பட்டியலிலும், பத்திரிகையின் சொந்தத் தளத்திலும் பார்த்து, 56 குறிகளும் ஒத்த பின்னரே நுழைதல் வேண்டும்.