பேரரசர் எழுப்பிய சுவர்

1194 டிசம்பர் 26. இத்தாலியின் யேசி நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் கான்ஸ்டன்சுக்கு வயது 40. தந்தை, ஜெர்மனியை ஆண்ட ஹோஹென்ஸ்டாஃபன் வம்சத்துப் பேரரசர் ஆறாம் ஹென்றி. குழந்தைக்கு நான்கு வயது நிறைவதற்குள் பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சிசிலியில் தனித்து நின்ற அந்தக் குழந்தை, பிரெடெரிக், பிழைப்பானா என்பதே சந்தேகமாக இருந்தது.

பிழைத்தான். 1220-இல் ரோமில் பேரரசராக முடிசூடினார். 1227-இல் சிலுவைப் போருக்காக பிரிண்டிசித் துறைமுகத்தில் படை கூடியபோது கொள்ளைநோய் புகுந்து பலரை வாரிக்கொண்டு போனது. கப்பலேறிய பேரரசரும் நோயில் விழுந்து வழியிலேயே திரும்பினார். எல்லாம் நடிப்பு என்று சீறிய போப், அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார்.

பிரெடெரிக் அசரவில்லை. மறு ஆண்டே புறப்பட்டு, எகிப்துச் சுல்தானோடு பேசியே ஜெருசலேமைப் பெற்றுத் திரும்பினார். 1231-இல் மெல்ஃபி நகரில் சிசிலி நாட்டுக்கான சட்டத் தொகுப்பை வெளியிட்டார். தேர்வு பெறாமல் யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று தாய்வழிப் பாட்டனார், சிசிலி அரசர் ரோஜர் போட்டிருந்த விதியை இறுக்கி, சலேர்னோ நகர ஆசான்கள் முன் தேர்வைக் கட்டாயமாக்கினார். ஆனாலும் ஓர் ஓட்டை மிச்சமிருந்தது. மருத்துவரும் மருந்து செய்பவரும் கூட்டுச் சேர்ந்தால் நோயாளியின் பணத்துக்கு யார் காவல்?

சுமார் 1240-இல் அதற்கும் பூட்டு விழுந்தது. மருத்துவராக மூன்றாண்டு தர்க்கம், ஐந்தாண்டு மருத்துவம், பிறகு மூத்த மருத்துவரிடம் ஓராண்டுப் பயிற்சி. ஏழைகளுக்கு வைத்தியம் இலவசம். மருந்து வியாபாரியோடு மருத்துவர் பங்கு சேரக் கூடாது. சொந்தக் கடையும் வைக்கக் கூடாது. மருந்து செய்பவர் விதித்த முறைப்படியே தயாரிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அவருடைய லாபத்துக்கும் உச்சவரம்பு. இத்தனையும் நிலைக்குமா?

1250-இல் பிரெடெரிக் இறந்தார். 1268-இல் அவருடைய 16 வயதுப் பேரன் கொன்ராதின் நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலை துண்டிக்கப்பட்டான். வம்சத்தின் ஆட்சி அத்தோடு அழிந்தது. சட்டத்தின் கருத்து மட்டும் அழியவில்லை. ஐரோப்பிய நகரங்கள் பல அதே வழியில் விதிகள் இயற்றின.

மருந்துக் கடைகள் பாக்தாத்தில் முன்பே இருந்தவைதான். ஆனால் மருத்துவர் எழுதிய சீட்டை வேறொருவர் கடையில் நீட்டி மாத்திரை வாங்கும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் சட்ட அடித்தளம் இட்டது பிரெடெரிக்கின் ஆணை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பின் முன்னோர்களில் ஒருவர், போப்பால் விலக்கப்பட்ட ஒரு பேரரசர். மருந்தைத் தீர்மானிப்பவர் அதன் விற்பனையில் லாபம் காணக் கூடாது என்ற அவருடைய நியாயம், அவர் பேசிப் பெற்ற ஜெருசலேம் ஆட்சியைவிட நீண்ட காலம் நிலைத்திருக்கிறது.