வரலாம் வரலாம்: பின்னால் பார்ப்பதன் சிறு வரலாறு

தமிழ்நாட்டில் லாரியைப் பின்னால் எடுப்பதற்கென்று ஒரு தனி மொழி உண்டு. 'வரலாம், வரலாம், வா, வா, ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, நேரா வா' என்று இழுத்துக்கொண்டே போய் 'ஓல்டான்!' என்று முடியும். 'ஹோல்ட் ஆன்' என்ற ஆங்கிலச் சொல்லை நம்மாட்கள் பிரேக் கட்டையாகச் செதுக்கிக்கொண்டதுதான் ஓல்டான். சத்தம் எட்டாத இடத்தில் வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. பஸ்ஸில் கண்டக்டர் விசிலுக்கும் இதே கணக்குதான்.

இந்த மொழியைப் பேசியவர் கிளீனர். பெரும்பாலும் பையன். வண்டியின் பின்னால், இருட்டில், மழையில் நின்று டிரைவருக்குக் கண்ணாக இருப்பது அவன் வேலை. ரிவர்ஸ் கேமராவின் வரலாறு என்று தேடிப் போனால் லென்ஸ், திரை, சட்டம் என்று பலதும் கிடைக்கின்றன. ஆனால் அடியில் ஓடுவது ஒரே கதைதான்: பின்னால் நிற்கிற அந்த ஆளை எப்படி இல்லாமல் ஆக்குவது?

வண்டியை நடத்துகிறவருக்கு வண்டியின் மறுபக்கம் தெரியாது என்பது மோட்டாருக்கு முன்பே இருந்த சிக்கல். தேரை இழுக்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியாது. முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குத் தெருமுனை தெரியாது. தேர்மேல் நின்று துணி வீசுகிறவருக்கு இரண்டும் தெரியும், ஆனால் அவர் கையில் வடமும் இல்லை, கட்டையும் இல்லை. பார்வை ஒருவரிடம், விசை வேறொருவரிடம். நடுவில் இருப்பது நம்பிக்கை மட்டும்தான்.

மோட்டார் யுகத்தில் இந்த நம்பிக்கையை முதலில் உடைத்த பெரிய நிகழ்ச்சி 1911இல் நடந்த முதல் இண்டியனாபொலிஸ் 500 மைல் பந்தயம். அன்றைய பந்தயக் கார்களில் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வதும் அவர் வேலை. நம்மூர் கிளீனரின் அமெரிக்கப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரே ஹாரூன் என்ற ஓட்டுநர் மட்டும் தனி ஆளாக வந்தார். பின்னால் பார்க்க ஆள் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபிக்க, அவர் தன் மார்மன் வாஸ்ப் காரின் முன்னால் ஒரு கண்ணாடியை மாட்டினார். சில வருடங்களுக்கு முன் சிகாகோவில் ஒரு குதிரை வண்டியில் அப்படி ஒரு கண்ணாடியை அவர் பார்த்திருந்தார். பந்தயத்திலும் ஜெயித்தார். பிற்காலத்தில் அவரே ஒரு உண்மையைச் சொன்னார்: செங்கல் பாவிய அந்தத் தடத்தில் கண்ணாடி அதிர்ந்த அதிர்வில் ஒன்றுமே தெரியவில்லையாம்!

எனக்கு மிகப் பிடித்த தொழில்நுட்ப வரலாறு இதுதான். ஒரு மனிதனுக்குப் பதிலாக ஒரு கருவி வருகிறது. அது வேலை செய்யவில்லை. ஆனால் மனிதன் திரும்பி வரவில்லை.

கண்ணாடியின் இடத்தில் கேமராவை வைக்கலாம் என்று முதலில் காட்டியது 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த பியூக் செஞ்சுரியன் என்ற மாதிரி கார். கண்ணாடிக் கூரை, வால் பக்கம் ஒரு டெலிவிஷன் கேமரா, டாஷ்போர்டில் திரை. வேடிக்கை பார்த்தார்கள், அத்தோடு சரி. 1972இல் வோல்வோ தன் பரிசோதனைப் பாதுகாப்புக் காரில் பின்கேமரா வைத்தது. அதுவும் கடைக்கு வரவில்லை. கேமரா சின்னதாகவும் மலிவாகவும் ஆகாமல் எதுவும் நடக்காது. 1969இல் பெல் ஆய்வகத்தில் பாய்லும் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிசிடி அந்த வாசலைத் திறந்தது. அதற்காக 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் ஜப்பானில் டொயோட்டா கிரவுன் பின்கேமராவோடு விற்பனைக்கு வந்தது.

அதே 1987இல் விழுப்புரம் பக்கம் எசாலத்தில் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து ராஜேந்திர சோழனின் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் வெளியே வந்தன. எசாலத்தை ஒட்டி ஒரு பிரம்மதேசம் இருக்கிறது, சோழர் காலக் கோயில்களோடு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இன்னொரு பிரம்மதேசம். பிரம்மதேயம் என்று தானமாகக் கொடுத்த ஊர்களுக்கு நிலைத்துவிட்ட பெயர் என்பதால் தமிழ்நாட்டில் இந்தப் பெயர் பல இடங்களில் உண்டு. இனி நான் சொல்லப் போவது மரக்காணம் சாலை பிரம்மதேசத்தை. என் மாமாவின் டிராக்டர் அங்கேதான் நிற்கிறது.

அமெரிக்காவில் டிரெய்லர் என்றால் குடும்பத்தோடு ஊர் சுற்றும் சக்கர வீடு. அங்கே இப்போது பல டிரெய்லர்கள் பின்கேமராவுக்கான வயரிங்கோடே விற்பனைக்கு வருகின்றன. எங்கள் பக்கம் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் கோத்த இரும்புப் பெட்டி. தை, மாசியில் நெல், கோடையில் தர்பூசணி, இடையில் சவுக்குக் கட்டை. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும்போது அதுவும் பயண டிரெய்லர்தான். ஆள் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அங்காளம்மன் கூப்பிட்டால் ஏறாமல் இருக்க முடியாது என்று அத்தை சொல்வாள்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பது காரைப் பின்னால் எடுப்பதுபோல அல்ல. முன்னால் இழுக்கும்போது டிரெய்லர் தானாகவே நேராகிக்கொள்ளும். பின்னால் தள்ளும்போது கொக்கியில் விழுகிற சின்னக் கோணல் தானாகவே பெரிதாகும். உள்ளங்கையில் துடைப்பக்கட்டையை நிறுத்துவதுபோல, விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலது பக்கம் போகும். முன் அச்சும் திரும்புகிற நாலு சக்கர டிரெய்லர் என்றால் மடக்கு இரண்டு. இன்ஜினியரிங் படித்த எனக்கு இதன் சமன்பாடு தெரியும். எட்டாவதோடு நின்ற எங்கள் டிரைவர் அண்ணனுக்கு இதைச் செய்யத் தெரியும்.

கேமராவைச் சட்டமாக்கியது தொழில்நுட்பம் அல்ல, துக்கம். 2002இல் நியூயார்க் லாங் ஐலண்டில் கிரெக் குல்பிரான்சென் என்ற குழந்தை மருத்துவர் தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தார். பின்னால் அவருடைய 2 வயது மகன் கேமரன் நின்றிருந்தான். கண்ணாடிகளைப் பார்த்துத்தான் எடுத்தார். கண்ணாடிக்கு அத்தனை சின்ன உருவம் தெரியவில்லை. கேமரனின் பெயரால் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் 2008 பிப்ரவரியில் கையெழுத்தானது. விதி எழுதக் கொடுத்த கெடு 2011. தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். 2013இல் அந்தத் தகப்பனும் மற்ற சிலரும் சேர்ந்து அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். 2014இல் விதி வந்தது. 2018 மே 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட ஒரு கட்டம் ஓட்டுநருக்குத் தெரிந்தாக வேண்டும். சோழர் காலத்தில் தான நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்தி வகுத்தார்கள். இங்கே ஒரு குழந்தையின் சாவு எல்லை வகுத்தது.

இத்தனை தாமதத்துக்குக் காரணம் கணக்கு. அமெரிக்காவில் வண்டி பின்னால் வந்து மோதி வருடத்துக்குச் சராசரியாக 210 பேர் சாகிறார்கள், 15,000 பேர் காயப்படுகிறார்கள் என்றது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை. செத்தவர்களில் 31 சதவீதம் 5 வயதுக்குட்பட்டவர்கள். திரை ஏற்கெனவே உள்ள காரில் கேமராவுக்கு 43 முதல் 45 டாலர், திரையும் சேர்த்து வைக்க 132 முதல் 142 டாலர். எல்லாக் காரையும் பெருக்கினால் செலவு, காப்பாற்றப்படும் உயிர்களின் 'விலை'யைத் தாண்டியது. கடைசியில் அந்தத் துறையே, ஓட்டியவர் பெரும்பாலும் அந்தக் குழந்தையின் தாயோ தகப்பனோ தாத்தாவோதான், அந்த வேதனையைப் பணத்தில் அளக்க முடியாது என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு விதியை வெளியிட்டது. எக்செல் அட்டவணை தோற்ற அபூர்வமான இடம் அது.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். டிராக்டர் டிரெய்லருக்கு அது பொருந்தாது. குழந்தைகள் விளையாடும் தெருவில் சவுக்கு ஏற்றிப் பின்னால் வருவது அதுதான்.

மாமா கேமரா கேட்டதற்குக் காரணம் எளிமையானது. பின்னால் நிற்க ஆள் கிடைக்கவில்லை. முன்பு கூடப் போன பையன்கள் இன்று விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் போய்விடுகிறார்கள். கார் தொழிற்சாலை லைனில் நின்று யாரோ ஒருவரின் வண்டிக்குப் பின்கேமரா மாட்டிக்கொண்டிருக்கிற எங்கள் ஊர்ப் பையன் ஒருவனாவது இருப்பான். 'இன்னா மாப்ள, அத மாட்டுனா பின்னால நிக்கிறது பூரா தெரியுமா?' என்றார் மாமா. மாட்டிப் பார்ப்போம் என்றேன்.

முதல் கேள்வி: வயரா, வயர்லெஸ்ஸா? மலிவான வயர்லெஸ் கேமராக்களில் பல, வைஃபை ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. நடுவில் இரும்புப் பெட்டி, அதன் மேல் சரக்கு. படம் நிற்கும், தாமதிக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் கால் நொடி தாமதம் என்றால் வண்டி ஓர் அடிக்கு மேல் வந்துவிடும். ஆகவே வயர். நாலு முள் உள்ள, திருகி இறுக்குகிற கனெக்டர். கொக்கிக்கு மேலே சுருள் வயர். டிரெய்லரைக் கழற்றினால் அதையும் கழற்றிவிடலாம்.

இரண்டாவது: எங்கே மாட்டுவது? பின்கதவில் மாட்டுவதுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் சரக்கு இறக்கும்போது அந்தக் கதவு கீழே விழுந்து தொங்கும். கேமரா முதல் நாளே நசுங்கும். மேலே மாட்டினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சவுக்கு மறைக்கும். கடைசியில் சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தில், சற்று வலது தள்ளி, ஒரு ஆங்கிள் துண்டை வெல்டு வைத்து அதன் உள்ளே ஒளித்து மாட்டினோம். வெல்டு வைக்கும் முன் பட்டறைக்காரர் தானாகவே பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். அங்கிருந்து ஆட்களின் முகம் தெரியாது, கால்கள் தெரியும். குழந்தை முழுதாகத் தெரியும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

மற்றவை சின்னச் சின்ன முடிவுகள். மாமாவின் டிராக்டரில் ரிவர்ஸ் லைட் கிடையாது. அதனால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி சுவிட்ச். தகரத்தில் துளையிட்ட இடத்தில் வயர் அறுபடாமல் ரப்பர் வாஷர். மரக்காணம் உப்புக் காற்றுக்கு கனெக்டர் முள்களில் வாசலின். படத்தை இடவலமாகத் திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் இடது பக்கம் நிற்கும் குழந்தை திரையில் வலது பக்கம் தெரியும். திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் காருக்காகப் போட்டவை, டிரெய்லருக்குப் பொய் சொல்லும். கேமராவில் அதற்கென்றே இருக்கும் சின்ன வயர் வளையத்தை வெட்டினால் கோடுகள் போய்விடும். வெட்டினோம். அகன்ற லென்ஸ் கிட்டத்தில் இருப்பதையும் எட்டக் காட்டும் என்பதால், களத்தில் சுண்ணாம்பால் 3 அடி, 6 அடி, 10 அடி என்று கோடு கிழித்து, அவை திரையில் விழும் இடங்களில் டேப் ஒட்டினோம்.

டிரைவர் அண்ணன் இரண்டு தடவை பின்னால் எடுத்துப் பார்த்தார். 'நல்லாத்தான் தெரியுது தம்பி. ஆனா இது கத்தாதே?' என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. கிளீனர் படம் காட்டவில்லை, முடிவெடுத்தான். ஓல்டான் என்பது தகவல் அல்ல, உத்தரவு. கேமரா தகவலை மட்டும் கொடுத்துவிட்டு முழுப் பொறுப்பையும் ஓட்டுகிறவரின் மடியில் போடுகிறது. கொக்கியையும் பார்த்து, பக்கக் கண்ணாடியையும் பார்த்து, இப்போது திரையையும் பார்க்க வேண்டும்.

ஆனாலும் கிளீனருக்காக ஏங்க எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வருகிற வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று 'வரலாம்' என்று சொன்னவன், முதலில் நசுங்கக்கூடிய இடத்தில்தான் நின்றான். அவனைப் பார்க்க யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய வயதில் பலர் அங்கே நின்றார்கள். எல்லா வேலையிலும் 14 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டதே 2016இல்தான். கேமரா ஒரு வேலையை அழித்தது உண்மை. அது ஒரு பையனை அந்த இடத்திலிருந்து நகர்த்தியதும் உண்மை.

2017 வரை நடைமுறையில் இருந்த 1989ஆம் வருட மத்திய சாலை ஒழுங்குமுறைகளில் பின்னால் ஓட்டுவது பற்றி ஒரு விதி இருந்தது. யாருக்கும் ஆபத்தில்லை என்று ஓட்டுநர் முதலில் தானே உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டியைத் திருப்பத் தேவையானதற்கு மேல் பின்னால் போகக் கூடாது. ரோடு ரோலருக்கு மட்டும் விலக்கு. கண்ணாடியில் பார் என்றோ, ஆளை நிறுத்து என்றோ அது சொல்லவில்லை. உறுதி செய்துகொள் என்றது. எப்படி என்பது நம் பாடு.

அண்ணன் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டிருக்கிறார். இன்ஜினை அணைக்காமல் கீழே இறங்குவார். டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வருவார். தோளில் கிடக்கும் துண்டால் கேமராவின் புழுதியைத் துடைப்பார். ஏறி, இரண்டு ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரையைப் போடுவார். சுற்றி வர ஒரு நிமிஷம்கூட ஆகாது. இந்த ஒரு நிமிஷத்துக்கு மாற்றாக இதுவரை எந்தக் கம்பெனியும் எதையும் செய்யவில்லை.